ஷம்சாத்தின் முட்டைகளும் மூடாத குழாயும்

ஷம்சாத் கொடுத்த முட்டை பொரிக்கவில்லை என்று மன்னார்குடியில் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. சொன்னால் அவள் வீடு தேடி வருவாள். எந்தப் பெட்டையை அடையில் படுக்க வைத்தீர்கள், கூடையை எங்கே வைத்தீர்கள், இடி இடித்த அன்றைக்குப் பக்கத்தில் இரும்புத் துண்டு போட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, குற்றம் தங்களுடையதுதான் என்று அந்த வீட்டுக்காரர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் திரும்புவாள்.

பிறந்தது முத்துப்பேட்டையில். பத்தொன்பது வயதில் நெய்னா முகம்மதுவுக்கு வாழ்க்கைப்பட்டு மன்னார்குடி வந்தாள். அவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பத்தைந்து நாள் இருப்பார், போவார். ஒரே மகள் தஹ்மீனா கல்யாணமாகிச் சென்னைக்குப் போனபிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. சத்தத்துக்காகத்தான் ஷம்சாத் இரண்டு பெட்டைக் கோழி வாங்கினாள். இருபத்திரண்டு வருடம் முடித்துவிட்டு நெய்னா முகம்மது ஒரேயடியாக ஊர் திரும்பிய அன்று, கொல்லையில் அறுபது கோழிகள் இருந்தன. அவருக்கென்று எடுத்து வைத்திருந்த சாய்வு நாற்காலியில் ஒரு பெட்டை உட்கார்ந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

"செத்த நில்லுங்க, அது முடிச்சிடட்டும்" என்றாள் ஷம்சாத்.

அறுபதுக்கும் சேர்த்துச் சேவல் நான்கு. அதில் பெரியது செம்பழுப்பு நிறம், கழுத்தில் பொன்னிறம். அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தவர் நெய்னா முகம்மது. குவைத்தில் அவருடைய மேனேஜர் இப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாராம். ஒரு வேலையும் செய்யமாட்டாராம், ஆனால் விடிந்ததும் முதல் சத்தம் அவருடையதாம்.

இந்த வீட்டுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயபாரதி வந்தாள். குடவாசல் பக்கத்து விவசாயி மகள். தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கருவில் மூளை எப்படி உருவாகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்குக் கோழிமுட்டை வேண்டும். கேட்டு விண்ணப்பம் எழுதினாள். மூன்று மாதம் கழித்து அலுவலகம் வாங்கி அனுப்பியது பண்ணை முட்டை. அந்தக் கோழிகள் ஆயுசுக்கும் சேவலைக் கண்ணால் பார்த்ததில்லை. அலுவலகத்திடம் அதைச் சொல்லப் போனவளை, "முட்டைன்னுதானம்மா எழுதியிருக்கீங்க, சேவல்னு எழுதலையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, இது சேவல் சேர்ந்த முட்டைதானே?" என்று ஜெயபாரதி கேட்டாள்.

ஷம்சாத்துக்கு முகம் மாறிவிட்டது. "அதோ நிக்கிறாரு பாரு மேனேஜரு. அவரப் பாத்துட்டு இன்னொரு தரம் கேளு."

ஜெயபாரதி பார்த்தாள். கேட்கவில்லை.

"எத்தன வேணும்? எந்தத் தேதிக்குப் பொரிக்கணும்?"

"பொரிக்க வேணாங்க்கா. ஒன்றரை நாள் சூட்டுல வச்சிட்டு உடைச்சிடுவேன்."

தவிட்டுப் பானையிலிருந்து எடுத்த முட்டையை ஷம்சாத் அப்படியே திருப்பி உள்ளே வைத்தாள். ஒன்றரை நாளில் உடைக்கப்படுவதற்காக அவள் வீட்டுக் கோழி எதுவும் இதுவரை முட்டையிட்டதில்லை.

ஜெயபாரதி தலைகீழாக நின்று பார்த்தாள். சில குழந்தைகள் முதுகுத்தண்டு மூடாமலே பிறக்கின்றன, சில மண்டையே முழுதாக இல்லாமல் பிறக்கின்றன, அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஆரம்பத்தில் நடப்பதைப் பார்த்தாக வேண்டும், மனிதக் கருவில் அதைப் பார்க்க முடியாது, கோழியில் பார்க்கலாம் என்றாள். ஷம்சாத் முட்டையின் மேல் தவிட்டை இழுத்து மூடினாள். உள்ளேயிருந்து நெய்னா முகம்மதுதான் குரல் கொடுத்தார்: "ஆம்லெட்டு போடுறப்பல்லாம் வராத கண்ணீரு இப்ப எங்கேருந்து வருது? குடுத்தனுப்பு."

"நான் நேர்ல பாக்கணும்" என்றாள் ஷம்சாத். "பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

பார்த்தாள். அடுத்த வாரமே தஞ்சாவூர் போய், ஆய்வுக்கூடத்துக்குள் பர்தாவுக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றாள். ஜெயபாரதி ஒரு முட்டையின் ஓட்டில் ஒரு ரூபாய் அளவுக்கு ஜன்னல் வெட்டி, கருவுக்கு அடியில் ஊசியால் கொஞ்சம் கறுப்பு மை செலுத்தினாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்த ஷம்சாத்துக்கு, கறுப்புக்கு மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"ரெண்டு வரப்பு தெரியுது. நடுவுல வாய்க்கா."

"அதேதாங்க்கா. அந்த வரப்பு ரெண்டும் எழும்பி மேல வந்து ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். வாய்க்கா குழாயாயிடும். தலைப்பக்கம் உப்பி மூளையாகும், மிச்சம் தண்டுவடம்."

"மூடலன்னா?"

"மூடலன்னா அவ்ளோதான்."

"கீழ என்னமோ துடிக்குதே?"

"இதயம். இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

ஷம்சாத் "சுப்ஹானல்லாஹ்" என்றாள். அதற்குப்பிறகு பேருந்து நிலையம் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது கல்யாணத்தன்றுதான் என்று கூட வந்திருந்த நெய்னா முகம்மது பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். பஸ் ஏறும்போது, "வாரம் முப்பது முட்டை தர்றேன். ஆனா ஒண்ணு, ஒடைக்கிறதுக்கு முன்னாடி வேல என்னன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லிடணும். ஏன்னே தெரியாம நான் தரமாட்டேன்" என்றாள்.

அப்படித்தான் ஜெயபாரதி அடுத்த ஞாயிறு அடுப்படியில் உட்கார்ந்து பாடம் சொன்னாள்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் முழுக் குறிப்பும் இருக்குக்கா. றெக்கை எப்படிச் செய்யணும், ஈரல் எப்படிச் செய்யணும், மூளை எப்படிச் செய்யணும், எல்லாம். ஒரு நீள நூல்ல எழுதுன மாதிரி. அவ்ளோ பெரிய நூலு அத்துனூண்டு இடத்துல அடங்கணும்ல? அதனால சின்னச் சின்ன உருளையில சுத்தி வச்சிருக்கு. நூலும் உருளையும் சேந்ததுக்கு குரோமாட்டின்னு பேரு. இறுக்கிச் சுத்துன எடத்தப் படிக்க முடியாது. உருளையத் தள்ளி, வேணுங்கிற எடத்தத் தெறந்து விடுறதுக்குன்னே சில புரதங்க இருக்கு."

ஷம்சாத் வெங்காயம் அரிவதை நிறுத்தினாள். "பீரோ மாதிரி."

"எப்படிக்கா?"

"எல்லாப் பொடவையும் உள்ளதான் கெடக்கு. கைக்கு வர்றதத்தான் கட்டுறோம். கல்யாணத்துக்குப் பட்டு வேணும்னா மேல கெடக்குறதையெல்லாம் ஒருத்தர் தள்ளி வைக்கணும். தள்ளி வைக்க ஆளு இல்லன்னா, பட்டு இருந்தும் நைட்டியோடதான் நிக்கணும்."

நான்கு வருடமாகத் தன் அம்மாவுக்கு விளக்க முடியாததை ஒரு வெங்காயம் அரியும் நேரத்தில் இவள் சொல்லிவிட்டாளே என்று ஜெயபாரதி வாயைப் பிளந்தாள்.

"அப்ப நீ அந்தத் தள்ளுற ஆளக் கட்டிப்போட்டுட்டு, மூள வருதா வரலியான்னு பாக்குற" என்றாள் ஷம்சாத்.

"ஆமாங்க்கா."

"பாவி" என்று சொல்லிவிட்டு, அவளுக்குச் சோறு போட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் புரதத்துக்குத் 'தள்ளுற ஆளு' என்று பெயர். நெய்னா முகம்மதுவுக்குத்தான் தொல்லை. நாற்காலியில் சாய்ந்தபடி டீ கேட்டால், "உங்களுக்குள்ளயும் எல்லா நூலும் இருக்கு. எந்திரிச்சுப் போயி டீ போடுற எடம் மட்டும் இறுக்கிச் சுத்திக் கெடக்கு. தள்ளுற ஆளுக்கு லீவு போல" என்று பதில் வரும்.

முதல் நான்கு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. ஜெயபாரதி ஞாயிறுதோறும் வந்து, முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு போனாள். தள்ளுகிற ஆளைக் கட்டிப்போட்ட முட்டைகளில் பெரும்பாலும் குழாய் மூடவில்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா விட்ட முட்டைகளில் மூடியது. இப்படிச் சும்மா விட்டவை ஒழுங்காக இருந்தால்தான் மற்றதைப் பற்றிப் பேச முடியும் என்று ஷம்சாத்துக்கும் தெரிந்திருந்தது.

பிறகு வேலை அதிகமாகி, ஜெயபாரதியால் வர முடியாமல் போனது. காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புவது என்று ஏற்பாடு. தனியார் பஸ். அதன் கண்டக்டர் வீரையனுக்கு ஷம்சாத்திடம் பயம் உண்டு. முன்பு ஒருமுறை அவள் கொடுத்த முட்டை பொரிக்கவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். உமி நிரப்பிய வாளியில் முப்பது முட்டைகளைப் புதைத்துக் கொடுப்பாள். "கொழந்த மாதிரி பாத்துக்கிறேங்க" என்று வாங்கி வைத்துக்கொள்வார்.

மூன்றாவது வாரம் ஜெயபாரதி போன் செய்தாள். குரல் சரியில்லை. சும்மா விட்ட முட்டைகளிலும் பத்துக்கு நான்கில் குழாய் மூடவில்லை.

"எங்க சார் என் கை நடுங்குதுங்கிறாருக்கா. வேற தலைப்பு பாக்கலாமான்னு கேக்குறாரு."

"கையில ஒண்ணும் கோளாறு இல்ல. என் வீட்டுலதான் எவனோ சரியில்ல. நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஷம்சாத்.

அவள் மூன்று வாரம் கொல்லையில் நின்று விசாரணை நடத்தினாள். முதல் சந்தேகம் தீவனத்தின் மேல். நொய்யை நிறுத்திவிட்டுக் கம்பு போட்டாள். பயனில்லை. இரண்டாவது சந்தேகம் கண்ணேறு. அதற்கும் செய்ய வேண்டியதைச் செய்தாள். பயனில்லை. மூன்றாவது சந்தேகம் மேனேஜர் மேல் விழுந்தது. அவனுக்கு வயதாகிவிட்டது, சத்து போய்விட்டது, வெளியில் காட்டுகிற மிடுக்கெல்லாம் வேஷம் என்று முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்த நெய்னா முகம்மதுவுக்குச் சாப்பாட்டில் நாட்டுக்கோழி பிரியாணி.

"எந்தக் கோழி இது?"

"மேனேஜரு."

நெய்னா முகம்மது ஒரு கணம் கையைத் தட்டில் வைத்தபடி இருந்தார். குவைத்தின் இருபத்திரண்டு வருடங்கள் அவர் முகத்தில் வந்து போயின. பிறகு இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

புதுச் சேவல் வந்தது. முட்டைகள் போயின. அடுத்த போன் வந்தது. பத்துக்கு ஐந்து.

இப்போது ஷம்சாத்துக்கு மிச்சமிருந்த குற்றவாளி ஆய்வுக்கூடத்தில் முட்டைக்குச் சூடு கொடுக்கும் பெட்டி ஒன்றுதான். "அந்தப் பெட்டியத்தான் நேர்ல வந்து பாக்கணும்" என்று வாளியைத் தானே தூக்கிக்கொண்டு காலை பஸ் ஏறினாள். வீரையன் ஓடிவந்து வாளியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க. நான் எப்பவும் வைக்கிற எடத்துல வச்சிடுறேன். பின்னாடி வச்சா வடுவூர் தாண்டி ரோட்டுல தூக்கித் தூக்கிப் போடும். அதான் முன்னாடியே வச்சிருவேன். அசையாது."

டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் மேடையின் மேல் வாளியை வைத்தார். கீழே ஒரு சாக்கு வேறு மடித்துப் போட்டார். ஷம்சாத் அதற்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பிக் கால்மணி நேரத்தில், முன்னால் நின்றிருந்த ஒரு பெண் அந்த மேடையில் கால் பட்டு, "அம்மாடி, சுடுது!" என்று துள்ளினாள்.

ஷம்சாத் எழுந்தாள். வாளிக்குள் உமியைத் துழாவிக் கையை அடிவரை விட்டாள். அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் நாள் தவறாமல் கைவிட்டுப் பார்க்கிறவள் அவள். எந்தச் சூட்டில் கரு பிடிக்கும், எந்தச் சூட்டில் வெந்துபோகும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். இது கோழியின் சூடு அல்ல. இது காய்ச்சல்காரன் நெற்றி.

"வீரையன்! வண்டிய நிறுத்துங்க!"

"என்னங்க, ஸ்டாப்பு இல்லையே இங்க?"

"என்னிக்கிலேருந்து இங்க வைக்கிறீங்க?"

"மொத நாள்லேருந்தே. கொழந்த மாதிரி..."

"கொழந்தயப் போயி எவனாவது அடுப்புல வைப்பானா?"

பஸ் நின்றது. நாற்பது பேர் பார்க்க, வீரையன் வாளியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வாரா வாரம் ஒன்றரை மணி நேரம் எஞ்சின் சூட்டில் கரு தன்பாட்டுக்கு வளர ஆரம்பித்து, அந்தச் சூடு தாங்காமல் கெட்டு, ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போதே பாதி விஷயம் முடிந்திருக்கிறது. பெட்டியும் சரி, கையும் சரி, தீவனமும் சரி. ஷம்சாத் சீட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

"யா அல்லாஹ்" என்றாள். "மேனேஜரு."

அன்று தஞ்சாவூர் வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். பக்கத்து சீட்டுப் பெண், "யாரும்மா, சொந்தக்காரரா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எங்க வீட்லதான் இருந்தாரு. அநியாயமாப் பழி போட்டுட்டேன்" என்றாள் ஷம்சாத். அந்தப் பெண் அதற்குமேல் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு முட்டைகள் ஈரச்சாக்கு சுற்றிய பானையில், வீரையனின் மடியில் பயணம் செய்தன. தன் சீட்டில் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே டிக்கெட் கொடுத்தார். யாராவது கூட்டத்தில் சாய்ந்தால், "மூள இருக்குங்க, மூள இருக்கு, இடிக்காதீங்க" என்று கத்துவார். தன்னைத்தான் சொல்கிறார் என்று சிலர் கோபித்துக்கொண்டதும் உண்டு.

சும்மா விட்ட முட்டைகளில் குழாய் மூடத் தொடங்கியது. நாற்பதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மூடியது. தள்ளுகிற ஆளைக் கட்டிப்போட்டவை மூடவில்லை. ஜெயபாரதியின் பேராசிரியர் கை நடுக்கத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். ஒன்றரை வருடத்தில் ஆய்வேடு முடிந்தது. கெட்டுப்போன முட்டைகளையும் ஜெயபாரதி மறைக்கவில்லை. பஸ் சூட்டில் குழாய் மூடாமல் போன கதையை ஒரு பக்கத்தில் எழுதி, கண்டுபிடித்தவர் மன்னார்குடி திருமதி ஷம்சாத் என்று போட்டிருந்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு ஷம்சாத்தையும் அழைத்தாள். நெய்னா முகம்மதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இப்படிப்பட்ட தேர்வில் எல்லோரும் வந்து உட்காரலாம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்பார், மாணவி சொல்வாள், கடைசியில் "சபையில் யாரேனும் கேட்கலாம்" என்பார்கள். யாரும் நிஜமாகக் கேட்பதில்லை. சமோசா ஆறிவிடும் என்ற கவலையில் இருப்பார்கள். மௌனமாக முடியக் கூடாதே என்று, இரண்டு ஜூனியர் மாணவிகளிடம் ஆளுக்கொரு கேள்வியை எழுதிக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் திரையில் வந்த படங்களெல்லாம் ஷம்சாத்துக்குத் தெரிந்தவை. வரப்பு, வாய்க்கால், மூடிய குழாய், மூடாத குழாய். தள்ளுகிற ஆளைக் கட்டிப்போட்ட படத்துக்கு அடுத்து, பஸ் சூட்டுப் படமும் வந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுதிக் கொடுத்த கேள்விகள் கேட்கப்பட்டன, எழுதி வைத்த பதில்கள் சொல்லப்பட்டன.

"வேறு யாராவது?" என்றார் தேர்வாளர், பேனாவை மூடியபடி.

ஷம்சாத் கையைத் தூக்கினாள். நெய்னா முகம்மது அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவள் மற்றக் கையைத் தூக்கினாள்.

"சார், எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ்ல கேக்கலாங்களா?"

"கேளுங்க, கேளுங்க."

"அந்தத் தள்ளுற ஆளக் கட்டிப்போட்டாலும் கொழா மூடல. சூடு பட்டாலும் மூடல. ரெண்டு படமும் எனக்கு ஒண்ணு மாதிரிதான் தெரியிது. அப்ப சூடு போயி அந்த ஆளத்தான் கட்டிப்போடுதா? இல்ல, அது வேற வழியா போயிக் கெடுக்குதா?"

'தள்ளுற ஆள்' யார் என்று தேர்வாளருக்கு விளங்க அரை நிமிடம் ஆனது. பேராசிரியர் காதில் சொன்னார். தேர்வாளர் பேனாவைத் திறந்தார். முன்னால் சாய்ந்தார். மேடையில் நின்ற ஜெயபாரதியைப் பார்த்து, "இதைப் பாத்தீங்களா?" என்றார்.

ஜெயபாரதி திரையைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லைங்க சார். சூடு பட்ட முட்டைகளை... தூக்கிப் போட்டுட்டோம்."

"ஏன் தூக்கிப் போட்டீங்க?"

"கெட்டுப்போச்சுன்னு..."

அதற்குப் பிறகு இருபது நிமிடம் விசாரணை நடந்தது. காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளைப் பற்றி, சூட்டில் புரதங்கள் என்ன ஆகும் என்பதைப் பற்றி, உருளைகள் தாங்களே நகருமா என்பதைப் பற்றி. தேர்வாளர் கேட்கக் கேட்க ஜெயபாரதி ஷம்சாத்தை ஒரு பார்வை பார்த்தாள். ஷம்சாத் தலையை ஆட்டி, "சொல்லு, சொல்லு" என்று தைரியம் கொடுத்தாள். கடைசியில் தேர்வாளர், இது இதுவரை யாருக்கும் சரியாகத் தெரியாத விஷயம், அடுத்து இதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். கைதட்டினார்கள். சமோசா ஆறிப்போயிருந்தது.

வெளியே வந்ததும் ஜெயபாரதி அவள் தோளில் சாய்ந்து சிரிப்பும் அழுகையுமாக, "அக்கா, நான் உங்களுக்கு என்னக்கா பாவம் பண்ணேன்?" என்றாள்.

"ஏம்மா, தெரியாததத்தான கேக்கச் சொன்னாங்க?"

இப்போது முனைவர் ஜெயபாரதி ஜெர்மனியில் இருக்கிறாள். அந்தக் கேள்வியை எழுதி அனுப்பித்தான் வேலை கிடைத்தது. ஆனால் அங்கே கோழி இல்லை, மீன். விரல் நீளம்கூட இல்லாத மீன், கண்ணாடி போன்ற முட்டை, ஒரே காலையில் இருநூறு இடும், ஒரே நாளில் உள்ளே எல்லாம் தெரியும் என்று போனில் உற்சாகமாகச் சொன்னாள்.

ஷம்சாத் கேட்டுக்கொண்டாள். "இருநூறா?"

"ஆமாங்க்கா."

"அடை காக்குமா?"

"இல்லக்கா. போட்டுட்டுப் போயிடும். விட்டா அதுவே தின்னுடும்."

"அதான பாத்தேன்" என்றாள் ஷம்சாத், ரொம்ப நாள் கழித்து நிம்மதி அடைந்தவளாக. "இந்தா, மாமாகிட்ட பேசு. அவருக்கு மீனுன்னா புடிக்கும்."